கொசுக் கூண்டுக்குக் காவல்

அக்டோபர் 6, திங்கள்

நல்லபெருமாள் சார் இந்த டைரியைக் கொடுத்தார். "முப்பிடாதி, தட்டுல தண்ணி ஊத்தினது, புழுவுக்குத் தீனி போட்டது எல்லாம் இதுல எழுதி வையி" என்றார். மருந்துக் கம்பெனி டைரி. போன வருடத்தது. கிழமை தப்பாக இருக்கிறது, அடித்துவிட்டு எழுதுகிறேன். நான் ஏழாவதோடு நின்றவள். எழுத்து கோணலாகத்தான் வரும்.

லேப் பெருக்கினேன். தட்டு எட்டிலும் தண்ணீர் பார்த்தேன். தீனி, நாய் பிஸ்கட்டும் ஈஸ்ட்டும் பொடித்தது, தட்டுக்கு ஒரு சிட்டிகை.

வேலைக்கு எடுக்கும்போது விலங்கியல் லேப் என்றுதான் சொன்னார்கள். பாட்டிலில் பாம்பு இருக்கும், தவளை இருக்கும், துடைத்து வைக்கலாம் என்று வந்தேன். கொசு வளர்ப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. காலில் வெள்ளைக் கோடு போட்ட கொசு. வலைத்துணி போட்ட கூண்டில் இருக்கிறது. எனக்கு அதைத் தெரியும்.

அக்டோபர் 7, செவ்வாய்

இதைச் செய்வது இரண்டு பிள்ளைகள். இரண்டு பேரும் மூன்றாம் வருடம். தங்கமாரி விளாத்திகுளம் பக்கம், ஹாஸ்டலில் இருக்கிறாள். ஜெபராஜ் உள்ளூர், பைக்கில் வருவான்.

சீத்தாப்பழக் கொட்டையை அரைத்துக் கரைத்து, புழு இருக்கிற கிண்ணத்தில் சொட்டு விடுகிறார்கள். மறுநாள் செத்தது எத்தனை என்று எண்ணுகிறார்கள். மருந்து விடாத கிண்ணம் ஒன்றும் பக்கத்தில் இருக்கும். அதற்குக் கன்ட்ரோல் என்று பேர். அதில் புழு சாகக்கூடாது. செத்தால் எல்லாம் வீண்.

"கொல்லுறதுக்குத்தான் வளக்கோம்க்கா" என்றாள் தங்கமாரி. "இதுல சரியா வந்துட்டா வீட்டுத் தொட்டிக்கு எல்லாரும் சீத்தாக்கொட்டையே போட்டுரலாம்."

"பேன் மருந்தக் கொண்டாந்து நோபல் பரிசு கேக்கா" என்றான் ஜெபராஜ்.

அடுத்த மாதம் மதுரையில் எல்லாக் காலேஜும் வருகிற போட்டி. அதில் நன்றாகச் செய்தால் மேலே படிக்க நல்ல இடம் கிடைக்கும் என்று சார் சொல்லியிருக்கிறார். இல்லை என்றால் அவளுக்குச் சித்திரையில் கல்யாணம். மாப்பிள்ளை அத்தை மகன். "உடம்புக்கு ஒண்ணுன்னா அன்னைக்கே பெட்டியக் கட்டிரணும்னு சொல்லித்தான் எங்கப்பா ஹாஸ்டல்ல விட்டாரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

பெண் கொசு ரத்தம் குடித்தால்தான் முட்டை போடும். அதற்கு வாட்ச்மேன் ஐயாவின் கோழியை வாங்கி, வயிற்று முடியைக் கத்தரித்து, கூண்டு மேல் கட்டிவைத்தார்கள். மனுசர் கை கொடுக்கவே கூடாது என்று சார் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

கோழி கயிற்றை அறுத்துக்கொண்டு வராந்தாவில் ஓடிப் பிரின்சிபால் ரூமுக்குள் நுழைந்துவிட்டது.

"அட்மிஷன் கேட்டுப் போயிருக்கும்" என்றான் ஜெபராஜ்.

வாட்ச்மேன் ஐயா வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தார். "எங்கோழிய மொட்டையடிச்சு சாமியாராக்கிட்டியளே" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார். இனிமேல் தரமாட்டாராம்.

தட்டு, தீனி சரி.

அக்டோபர் 14, செவ்வாய்

சாயங்காலம் சாரும் ஜெபராஜும் போனபிறகு தங்கமாரி கூண்டின் துணிவாய்க்குள் கையை விட்டாள். முழங்கை வரைக்கும். எல்லாம் வந்து உட்கார்ந்தது. வெள்ளைக் கால்.

நான் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கையில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"சார்கிட்ட சொல்லிராதீங்கக்கா."

குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் கூண்டுக்கு எட்டவே நின்றேன்.

"ஒங்களுக்கு என்னக்கா பயம்? இதுக நம்ம லேப்ல பொறந்து வளந்ததுக. சுத்தம். வெளிக்கொசுதான் ஆபத்து."

"மகாராசன்" என்றேன். "எம்மவன். நாலாவது படிச்சான். போன கார்த்திகையில, காய்ச்சல்ல."

அந்தப் பிள்ளை கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டது. கொசு கடித்த கையை நான் பார்க்கக்கூடாது என்று நினைத்ததோ என்னவோ.

அக்டோபர் 17, வெள்ளி

நாளையில் இருந்து தீபாவளி லீவு. எங்கள் வீட்டில் இந்த வருடம் தீபாவளி கிடையாது. சாவு விழுந்த வீட்டில் வருடம் திரும்புகிறவரை எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது. வீட்டுக்காரரும் திருப்பூரில் இருந்து வரவில்லை என்று சொல்லிவிட்டார். அவர் போன் பேசுவதே குறைந்துபோயிற்று. அதனால் லீவிலும் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

தங்கமாரி சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறப் போனாள். போனவள் திரும்பி வந்து தட்டை எல்லாம் ஒரு தடவை பார்த்தாள். "கண்ணப் போல பாத்துக்கோங்கக்கா. இந்த ஈட்டுப் புழுதான் மதுரைக்கு."

அக்டோபர் 18, சனி

ஊரில் காய்ச்சல் கூடிக்கொண்டு போகிறது. கொசு ஒழிப்புக்காரர்கள் காலேஜுக்கு வந்தார்கள். வராந்தாத் தொட்டி, பூந்தொட்டிக்கு அடியில் இருக்கிற தட்டு, கக்கூஸ் டிரம் என்று ஒன்று விடாமல் மருந்து ஊற்றினார்கள். லேப் வாசலில் நின்று ஒரு பெண் கேட்டாள்.

"யக்கா, இதுக்குள்ள எங்கயும் தண்ணி தேங்கிக் கெடக்கா?"

கிடக்கு என்றேன். கதவைத் திறந்துவிட்டேன்.

குடத்தில் தண்ணீர் இல்லை. குழாயடிக்குப் போனேன்.

வந்து பார்த்தபோது அவர்கள் போய்விட்டார்கள். சுவரில் சாக்பீஸால் தேதி போட்டிருந்தது. எட்டுத் தட்டிலும் புழு அடியில் போய்க் கிடந்தது. சிலது மட்டும் நெளிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை. மூடியிருந்த கூண்டில் இருக்கிற கொசுக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நல்ல வெயில். மழை இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

காலையிலேயே போய் எட்டுத் தட்டையும் வெந்நீர் விட்டுக் கழுவினேன். மருந்து வாசம் போகிறவரை கழுவினேன்.

வீட்டுப் புறவாசலில் சிமெண்ட் தொட்டி இருக்கிறது. பிள்ளை போனதில் இருந்து நான் அந்தப் பக்கம் போவதில்லை, மழைத் தண்ணீர் கிடக்கும். இன்று போனேன். புழு நெளிந்தது. வடிகட்டியால் அள்ளித் தூக்குச்சட்டியில் விட்டு, மெல்லிய துணி கட்டி எடுத்துப் போனேன்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள், "என்ன கொழம்புக்கா?" என்று கேட்டாள். ரசம் என்றேன்.

எட்டுத் தட்டிலும் பிரித்து விட்டேன். பார்க்க முன்னே இருந்த மாதிரிதான் இருக்கிறது.

அக்டோபர் 22, புதன்

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். தங்கமாரி முறுக்கு கொண்டுவந்தாள். நான் எடுத்துக்கொள்ளவில்லை. தட்டைப் பார்த்துவிட்டு, "ஏ ஜெபா, எப்படித் திமுதிமுன்னு வளந்துட்டு பாரு. அக்கா கை ராசி" என்றாள். சுவரில் இருக்கிற தேதி என்ன என்று ஜெபராஜ் கேட்டான். மருந்து ஊற்றுகிறவர்கள் வந்தார்கள், வெளியே ஊற்றிவிட்டுப் போனார்கள் என்றேன்.

பெருக்க வேண்டியது நிறைய இருந்தது.

அக்டோபர் 25, சனி

கூட்டுப்புழு ஆனதை எல்லாம் தங்கமாரி எடுத்துக் கூண்டுக்குள் வைத்தாள். சிலது பறந்துவிட்டது. எது பழைய கொசு, எது புதுக் கொசு என்று இனித் தெரியாது.

தீனி போட்டேன்.

அக்டோபர் 27, திங்கள்

சண்டை. தீபாவளிக்கு முன் நூற்றுக்கு நூறு செத்த புழு இப்போது பாதிதான் சாகிறது. அதே கொட்டை, அதே அளவு.

"நீ கொட்டைய ஒழுங்கா காயவைக்கல" என்றான் ஜெபராஜ்.

"நீ எண்ணத் தெரியாம எண்ணிருக்க."

"எனக்கா எண்ணத் தெரியாது? நீதான் தீபாவளிப் பலகாரத்த நெனச்சுக்கிட்டு அரச்ச."

"போல, லூசு."

"நீ லூசு."

சார் வந்து தாளைப் பார்த்துவிட்டு, "ரெண்டு விதமா வந்தா மதுரையில எத நம்புவான்? முதல்ல இருந்து செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் இருந்து செய்ய வேண்டும் என்றால் புது முட்டை வேண்டும். அதற்கு ரத்தம் வேண்டும். எல்லாரும் போனபிறகு தங்கமாரி இரண்டு கையையும் மாற்றி மாற்றி விட்டாள். "பிள்ள, வேண்டாம்" என்றேன். "ஏங்க்கா?" என்று திரும்பிப் பார்த்தாள். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். விளக்குமாற்றை எடுத்தேன்.

அக்டோபர் 30, வியாழன்

இன்றும் கை விட்டாள். முழுக்கைச் சுடிதார் போட்டு மறைத்துக்கொள்கிறாள். ஜெபராஜும் அவளும் இன்னும் பேசவில்லை. ஆளுக்கொரு மூலையில் நின்று எண்ணுகிறார்கள்.

நவம்பர் 2, ஞாயிறு

வீட்டில்தான் இருந்தேன். எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 3, திங்கள்

தங்கமாரி கண் சிவந்து வந்தாள். நெற்றியைத் தொட்டேன். சுட்டது.

"எடுங்கக்கா கைய. தலவலி. மெடிக்கல்ல மாத்திர வாங்கிப் போட்டுட்டேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஆஸ்பத்திரின்னா வார்டனுக்குத் தெரியும். வார்டன் எங்கப்பாவுக்குப் போன் போடும். அப்புறம் நான் எங்க அத்த வீட்டுல போயி மாவாட்ட வேண்டியதுதான்." பிறகு மெதுவாகச் சொன்னாள். "நீங்க எத நெனச்சு பயப்படுதீயன்னு தெரியுதுக்கா. அது இல்ல. நம்ம கொசு சுத்தம்."

சுத்தம் என்று அந்தப் பிள்ளை நம்புகிறது. நம்பித்தான் தைரியமாக இருக்கிறது.

எனக்குத்தான் தெரியும்.

நவம்பர் 4, செவ்வாய்

காய்ச்சல் விடவில்லை. மாத்திரை போட்டால் இறங்குகிறது, பிறகு ஏறுகிறது. கண்ணுக்குப் பின்னால் வலி என்கிறாள். கிண்ணத்தை வைத்துக்கொண்டு எண்ணும்போது எண்ணிக்கை விட்டுப்போய்த் திரும்ப முதலில் இருந்து எண்ணுகிறாள். ஜெபராஜ் பார்த்துவிட்டு அவளிடம் பேசாமல் என்னிடம், "அவளப் போயி படுக்கச் சொல்லுங்கக்கா, நான் எண்ணிக்கிடுதேன்" என்றான். "அவன் எண்ணினா பன்னெண்டு பதினாலாகும்னு சொல்லுங்கக்கா" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்தால் செல்லத்தாய் மதினி வந்து உட்கார்ந்திருக்கிறாள். வருட நினைவுக்கு யார் யாரைச் சொல்ல வேண்டும் என்று பேச வந்தவள், பேச்சை அங்கே கொண்டுபோனாள்.

"டாக்டரு இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும்னுதான சொன்னாரு. நீதான், காய்ச்ச விட்டுட்டு, பூரி கேக்கான், தெளிவா இருக்கான்னு கூட்டிட்டு வந்த..."

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

நவம்பர் 5, புதன்

சார் ரூம் வாசல் வரை போனேன். உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பிவிட்டேன்.

மத்தியானம் போனேன். சார் சாப்பிடப் போயிருந்தார்.

சொன்னால் என் வேலை போகும். அது போகட்டும். அந்தப் பிள்ளையின் படிப்பும் அதோடு போகும். அவள் அப்பா வந்து பெட்டியைக் கட்டச் சொல்வார். சொல்லாவிட்டால், காய்ச்சல் தானாக விட்டுவிடும். எத்தனை பேருக்கு விட்டுவிடுகிறது. தெருவில் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து விளையாடுகிறது.

நவம்பர் 6, வியாழன்

காலையில் தங்கமாரி குளித்துத் தலைவாரிப் பூ வைத்து வந்தாள்.

"பாத்தீயளா, விட்டுட்டு. நீங்கதான் மூஞ்சியத் தூக்கிவச்சுக்கிட்டு அலைஞ்சீய."

தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்து கிடந்தது. உள்ளங்கை ஈரம்.

"மத்தியானம் பரோட்டா வாங்கித் தாங்கக்கா. நாக்கு செத்துப்போச்சு." பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "லேசா வலிக்கு. பட்டினி கெடந்ததுனால."

பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வந்ததா என்று கேட்டேன். "கொஞ்சம். ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. சார் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். வகுப்புக்குள்ளேயே போய்விட்டேன். பிள்ளைகள் எல்லாம் பார்த்தது. சாரை வெளியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை விட்டது, காய்ச்சல், மாத்திரை. அதோடு நிற்கவில்லை. மருந்து ஊற்ற வந்தவர்களுக்கு நான் கதவைத் திறந்துவிட்டது, தட்டுப் புழு செத்தது, என் வீட்டுத் தொட்டியில் இருந்து கொண்டுவந்து விட்டது. "அது வெளிக்கொசு சார். சுத்தமில்ல. அவளுக்குத் தெரியாது."

சார் கையில் இருந்த சாக்பீஸை ஜன்னலில் வைத்தார். என்னைத் திட்டவில்லை. "ஜெபராஜக் கூப்பிடு. ஆட்டோ பிடிக்கச் சொல்லு" என்றார்.

தங்கமாரி ஆட்டோவில் என் பக்கம் திரும்பவே இல்லை. "சத்தியமா சொல்ல மாட்டீயன்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னாள்.

ரத்தம் எடுத்தார்கள். டெங்குதான். ரத்தத் தட்டணு, பிளேட்லெட் என்கிறார்கள், குறைவு. படுக்கவைத்து பாட்டில் ஏற்றினார்கள்.

நவம்பர் 7, வெள்ளி

காலேஜுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியிலேயே இருந்தேன்.

அவளுடைய அப்பா சுடலைமுத்து அண்ணாச்சி விடிந்ததும் பஸ்ஸில் வந்தார். கரிமூட்டம் போடுகிறவர், விறகை அடுக்கி மண்ணால் மூடிப் புகையவிட்டுக் கரி எடுக்கிற தொழில். கை நகம் எல்லாம் கருப்பு. மகள் எழுந்து உட்கார்ந்து இட்லி தின்பதைப் பார்த்தவுடன் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு கோபம் வந்துவிட்டது. கொசுவுக்குக் கையைக் கொடுத்த கதையை யாரோ சொல்லிவிட்டார்கள்.

"ரத்தத்த கொசுவுக்கு ஊட்டுத படிப்பு எந்த ஊருலவே இருக்கு?" என்று சாரிடம் கேட்டார். சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "காய்ச்ச இல்ல. திங்கா. பேசுதா. நான் கூட்டிட்டுப் போறேன். கையெழுத்து எங்க போடணும்?"

டாக்டரம்மா இன்னும் இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்று சொன்னார்கள். காய்ச்சல் விட்டபிறகுதான் கவனமாக இருக்க வேண்டிய நேரம் என்றும் சொன்னார்கள். அண்ணாச்சி கேட்கிற நிலையில் இல்லை.

"மூட்டத்துல தீய வச்சுட்டு வந்திருக்கேன்மா. ஆள் இல்ல. எம்பொண்டாட்டி தம்பி குடிச்சுட்டுக் கெடப்பான். எங்கயாவது வாய் தொறந்துச்சுன்னா அம்புட்டும் சாம்பலாயிரும். வருசப் பொழப்பு. எங்க ஊருக்குப் பக்கத்துல இல்லாத ஆஸ்பத்திரியா, அங்க காட்டிக்கிடுதேன்."

வெளியே போய் ஆட்டோ பேசிவிட்டார். தங்கமாரியும் செருப்பை மாட்டினாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இங்கே கிடப்பதற்குப் போய்விடலாம் என்று நினைத்திருப்பாள்.

நான் வேகமாக இறங்கிப் போய் அந்த ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"யக்கா, இது பேசின வண்டி. எறங்குங்க" என்றான் டிரைவர்.

இறங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அண்ணாச்சி வந்தார்.

"நீ யாரும்மா?"

"லேப் பெருக்குதவ."

"எறங்கும்மா. பிள்ள நிக்க முடியாம நிக்கா."

"அப்பம் உள்ள கொண்டு போயி படுக்கவைங்க."

"ஒனக்கென்ன கிறுக்கா? எம்மகள எனக்குப் பாக்கத் தெரியாதா?"

"எம்மவனும் காய்ச்ச விட்டு எந்திரிச்சு உக்காந்தான் அண்ணாச்சி. பூரி கேட்டான்."

அவ்வளவுதான் சொன்னேன். கம்பியை விடவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் தூணில் சாய்ந்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது. டிரைவர் வண்டியை அணைத்தான்.

"மூட்டம்..." என்றார் அண்ணாச்சி. அடம்பிடிக்கிற குரல் இல்லை. என்ன செய்வது என்று கேட்கிற குரல்.

அப்போது ஜெபராஜ் வந்து நின்றான். "ஐயா, அந்த மூட்டத்துல என்ன பாக்கணும்?"

"நீயா? நீ என்னத்தப் பாப்ப?"

"சொல்லுங்க. நான் கொசுப்புழு மூச்சு விடுதான்னு குனிஞ்சு பாத்துக்கிட்டே ஒரு வருசம் கெடந்தவன். புகையப் பாக்க மாட்டனா?"

அண்ணாச்சி அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சொன்னார். மூட்டத்தைச் சுற்றி வந்துகொண்டே இருக்க வேண்டும். புகை ஒரே சீராக வர வேண்டும். எங்காவது மண் விரிந்து கங்கு தெரிந்தால் உடனே ஈர மண்ணை வைத்து அடைக்க வேண்டும். ஏறி மிதித்துவிடக்கூடாது, மண் சரிந்து ஆள் உள்ளே போய்விடுவான். ஜெபராஜ் எல்லாவற்றையும் கைபேசியில் குறித்துக்கொண்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

தங்கமாரியை உள்ளே கூட்டிப் போய்ப் படுக்கவைத்தோம்.

நவம்பர் 8, சனி

தட்டணு இன்னும் இறங்கிவிட்டது. நேற்றைவிடப் பாதி. வயிற்றைத் தொட்டாலே கத்துகிறாள். இரண்டு தடவை வாந்தி. டாக்டரம்மா வந்து வந்து பார்க்கிறார்கள். தண்ணீர் ஏற்றுகிற வேகத்தை மாற்றுகிறார்கள். மேலே உள்ள வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

"நேத்துக் கூட்டிட்டுப் போயிருந்தா?" என்று அண்ணாச்சி டாக்டரம்மாவிடம் கேட்டார். அவர்கள் பாட்டிலில் சொட்டு விழுவதைச் சரிபார்த்தார்கள். அவர் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

திரும்ப உள்ளே வந்தபிறகும் அவர் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஜெபராஜ்தான்.

"ஐயா, வடக்குப் பக்கம் ரெண்டு எடத்துல புகை வெள்ளையா வருது. மத்த எடத்துல நீலம்."

"வெள்ளைன்னா இன்னும் வேகலைல. அது சரிதான். நீலம் எந்தப் பக்கம்?"

"தெக்கயும் மேக்கயும். மேக்க ஒரு சாண் விரிசல் இருக்கு. படம் அனுப்பட்டுமா?"

"படத்த வச்சு என்னல செய்ய? மண்ணப் போடுல மொதல்ல!"

பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி போனை மடியில் வைத்துக்கொண்டு மகள் காலைத் தடவினார். நான் மருந்துக் கடைக்கும் வார்டுக்கும் நடந்தேன். இந்தத் தடவை குடம் எதுவும் கையில் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் தட்டணு அப்படியே நின்றது. சாயங்காலம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. மூத்திரம் நன்றாகப் போகிறது என்று டாக்டரம்மா சந்தோசப்பட்டார்கள்.

மூட்டமும் வாய் திறக்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்

சார் வந்தார். தங்கமாரி தெளிவாக இருந்தாள். தலையணையில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"சார், அக்கா வீட்டுப் புழுவாலதான் எனக்கு வந்துச்சா?"

"புழுவுல இருந்து வாரது ரொம்ப அபூர்வம்மா. இல்லவே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஊரு பூரா காய்ச்ச. ஹாஸ்டல்ல நாலு பேருக்கு இருக்கு. எந்தக் கொசு கடிச்சதோ யாருக்குத் தெரியும்?"

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவள் விடவில்லை.

"அப்பம் தீவாளிக்குப் பெறகு எண்ணினது?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது பூரா போச்சு. ரெண்டு வகைப் புழுவும் கலந்துட்டு. அவ தொட்டியில என்னென்ன மருந்து எத்தன தடவ விழுந்துருக்கோ. அதுக மருந்துக்குப் பழகிப்போச்சு, அதான் பாதி சாகல. மதுரைக்கு இந்தத் தடவ போக முடியாது."

அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள். காய்ச்சலுக்கு அழாதவள், ஊசிக்கு அழாதவள், இதற்கு அழுதாள்.

"ஏங்க்கா, செத்துப்போச்சுன்னு சொல்லிருந்தா ஒரு வாரத்துல வேற ஈடு எடுத்திருப்பேனே! கூண்டுல பழைய கொசு அப்பம் கலக்காமத்தான இருந்துச்சு! என்னையும் ஜெபாவையும் அடிச்சுக்கிட வச்சீயளே!"

உண்மைதான். போர்வையைச் சரிசெய்யப் போனேன். தட்டிவிட்டாள்.

அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. "சாவக் கெடந்தவ புழுச் செத்ததுக்கு அழுதாளே" என்றார். பிறகு வெளியே வந்து என்னிடம் கேட்டார். "இதுல அப்படி என்னம்மா இருக்கு?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கொட்டையை அரைப்பது, எண்ணுவது, கன்ட்ரோல் கிண்ணம். ஏன் ஒரு கிண்ணத்தை ஒன்றும் செய்யாமல் விடவேண்டும் என்று கேட்டார். சொன்னேன். "ஓ" என்றார். பிறகு, "அந்தப் பையன் மூட்டத்தச் சுத்தி நாலு பக்கமும் குச்சி நட்டு, எந்தக் குச்சிப் பக்கம் என்ன புகைன்னு சொல்லுதான். எங்கப்பன் காலத்துல இருந்து யாரும் அப்படிச் செஞ்சதில்ல" என்றார்.

நான் வேலைக்கு வரலாமா என்று சாரிடம் கேட்கவில்லை. அவராகவே, "லேப்பு குப்பையா கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் 11, செவ்வாய்

இன்று தங்கமாரியை அனுப்புகிறார்கள்.

அண்ணாச்சி சீட்டு வாங்கிவந்தார். கொஞ்ச நாள் வீட்டில் கிடக்கட்டும், பிறகு கொண்டுவந்து விடுகிறேன் என்று சாரிடம் சொன்னார். கல்யாணப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மூட்டம் வெந்து முடிந்து ஜெபராஜ் அங்கே இருந்து நேராக வந்திருந்தான். முகம், சட்டை, காது எல்லாம் கரி. "மூஞ்சியக் கழுவிட்டு வால, பேய் மாதிரி இருக்க" என்றாள் தங்கமாரி. "நன்றின்னு ஒரு வார்த்த சொல்லத் தெரியுதா பாருங்க ஐயா" என்றான் அவன். பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

என்னிடம் அவள் பேசவில்லை. பையில் துணியை நான்தான் மடித்துவைத்தேன். செருப்பை மாட்டும்போது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கூண்டு, தட்டு எல்லாத்தையும் கொதிக்கிற தண்ணி ஊத்திக் காலி பண்ணுங்க. ஒண்ணு மிஞ்சக்கூடாது. புதுசா ஆரம்பிக்கணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒங்க வீட்டுத் தொட்டியையும்."

"சரி பிள்ள."

ஆட்டோ வந்து நின்றது. எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். நான் பையை வைத்துவிட்டு டாக்டரம்மா இருக்கிற இடத்துக்குப் போனேன்.

"பிள்ளையக் கூட்டிட்டுப் போலாமாம்மா?"

"போலாம். சீட்டு கொடுத்துட்டேனே."

"வயிறு வலிக்கலையாம். சாப்பிடுதா. போலாமா?"

"போலாம்மா. எல்லாம் சரியா இருக்கு. ஏறிக்கிட்டு இருக்கு."

அவர்கள் அடுத்த நோயாளியைப் பார்க்கத் திரும்பினார்கள். நான் நகரவில்லை. வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். வாசலில் இருந்து அண்ணாச்சி, "யம்மா, வண்டி நிக்குது" என்று கூப்பிட்டார். நான் இன்னொரு தடவை கேட்டேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்கள். கோபித்துக்கொள்ளவில்லை.

"நீங்க கூட்டிட்டுப் போலாம்" என்றார்கள்.

பிறகு போய்ப் பையைத் தூக்கினேன்.